எழும்பிய தட்டு

பசி எடுக்காதவர்கள் எடை கூடுவது எப்படி? சித்தூர், திருப்பதி வட்டாரத்திலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

திருமலைக் கோயிலுக்குள் துலாபாரத் தராசின் முன்னால் அந்தக் குடும்பம் நின்றது. சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். பாட்டி, அப்பா, அம்மா. நடுவே, இடுப்பில் வேட்டி நிற்காமல் மேலே பெல்ட் போட்டிருந்த பேரன். இருபது, இருபத்தொரு வயதிருக்கும், ஐந்தரை அடி உயரம். இரண்டு வருஷத்துக்கு முன் டைபாய்டில் படுத்து எழுந்தபோது பாட்டி வேண்டிக்கொண்டாராம், எடைக்கு எடை வெல்லம் என்று.

பையன் ஒரு தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். மறு தட்டில் வெல்லம் ஏறியது. இன்னும் கொண்டுவருவார்கள் என்று வரிசையில் நின்ற நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பையனின் தட்டு மேலே எழும்பிவிட்டது. நாற்பத்தேழு கிலோ.

"செலவு மிச்சம்டா!" என்றார் அப்பா. பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். பாட்டி சிரிக்கவில்லை. "இன்னும் பத்துக் கிலோ வெச்சுக்கோங்க சாமி. அவன் இருக்கவேண்டிய எடை அதுதான்" என்று தமிழும் தெலுங்குமாகச் சொன்னார். பையன் தரையைப் பார்த்தபடி, "பசிச்சாத்தானே அவ்வா..." என்றான்.

உடம்பைக் குறைக்க வழி சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. பசியே எடுக்காதவன் உடம்பு தேற என்ன செய்வது என்று கேட்டால், "நல்லா சாப்பிடு" என்பதற்கு மேல் யாரிடமும் பதில் இல்லை. நல்லா சாப்பிட முடியவில்லை என்பதுதானே அவன் சொல்வதே!

கேலிக்குப் பின்னால் ஒரு கணக்கு

ஒல்லியாக இருப்பதெல்லாம் நோயல்ல. பரம்பரையாகவே மெலிந்த உடல்வாகு உள்ளவர்கள், வருஷக்கணக்காக ஒரே எடையில் இருப்பவர்கள், ஓடியாடி வேலை பார்ப்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டிய கூட்டமும் சிறியதல்ல. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையிலான இந்தியப் பெண்களில் 18.7 சதவீதம் பேரும் ஆண்களில் 16.2 சதவீதம் பேரும் இருக்கவேண்டிய எடைக்குக் கீழே இருந்தார்கள்.

எடை குறைந்த பெண் கருவுற்றால், எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம். மாதவிலக்கு தள்ளிப்போகும், சிலருக்கு நின்றே போகும். முப்பது வயதுக்குள் சேர வேண்டிய எலும்பின் கனம் சேராமல் போனால், அறுபதில் குளியலறையில் வழுக்கும்போது அந்தக் கடனை இடுப்பெலும்பு கட்டும். நோய் தொற்றினால் எதிர்த்து நிற்கத் தெம்பு இருக்காது. ரத்ததானம் செய்யக்கூட 45 கிலோ வேண்டும். அதற்குக் கீழே இருப்பவரை முகாமில் டீ, பிஸ்கட் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

┌──────────
உங்கள் உயரத்துக்குக் கீழ்வரம்பு
எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அது 18.5-க்குக் கீழே போனால் எடைக்குறைவு. அந்தக் கணக்கில் இருக்கவேண்டிய குறைந்தபட்ச எடை:
150 செ.மீ. – 41.6 கிலோ
160 செ.மீ. – 47.4 கிலோ
165 செ.மீ. – 50.4 கிலோ
170 செ.மீ. – 53.5 கிலோ
பி.எம்.ஐ. 16-க்குக் கீழே இருப்பவர்கள் தாங்களாகவே திடீரென்று நிறையச் சாப்பிடத் தொடங்கக் கூடாது. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பில் சட்டென்று உணவு இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் சரிந்து இதயமே தடுமாறலாம். டாக்டர் மேற்பார்வை வேண்டும்.
└──────────

பசியைத் திருடுவது யார்?

பசி போனதற்குக் காரணம் தெரியாமல் சாப்பாட்டை மட்டும் மாற்றுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. சில திருடர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் குடிக்கிற காபி. பீடி, சிகரெட், வாயில் அடக்கிய புகையிலை. உட்கார்ந்ததும் மடக்மடக்கென்று குடிக்கும் ஒரு சொம்பு தண்ணீர். ஆடும் பல், சரியாகப் பொருந்தாத பல்செட். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் முதல் மன அழுத்த மாத்திரைகள்வரை பல மருந்துகள் பசியை மந்தமாக்கும். மனச்சோர்வே பசியைக் கொல்லும். அதை நம் வீடுகளில் "சோம்பேறித்தனம்" என்று சொல்லிவிடுகிறோம்.

மற்றவை உள்ளே ஒளிந்திருப்பவை. வயிற்றுப்புண், கொக்கிப்புழு, ரத்தசோகை, கல்லீரல், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறார் என்றால் தைராய்டையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு கரைந்தால், அதாவது 60 கிலோ ஆள் 57 ஆனால், அடுப்படிக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தப் பேரனின் டைபாய்டு போய் இரண்டு வருஷமாகிறது. டைபாய்டு பசியைச் சில வாரம் அமுக்கிவைக்கும், இரண்டு வருஷம் அல்ல. வேறு எதுவோ இருக்கிறது.

வேலூர் பஸ்

சித்தூரில் உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாக வந்தால் வேலூர் பஸ் ஏறுவது வழக்கம். ஒருமணி நேரப் பயணத்தில் சி.எம்.சி. மருத்துவமனை. அங்கேயிருந்துதான், ஒல்லியானவர்களை உலகமே வேறு கண்ணால் பார்க்கவைத்த ஒரு செய்தி வந்தது.

சர்க்கரை நோய் என்றால் தொப்பைக்காரர்களின் நோய் என்பது நம் நினைப்பு. ஆனால் சின்ன வயதிலிருந்தே சரியான ஊட்டம் கிடைக்காமல் மெலிந்துபோன இளைஞர்களுக்கு வருகிற ஒரு வகையும் உண்டு. 1955-ல் ஜமைக்காவில் முதலில் கவனித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1985-ல் அதைத் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்து, 1999-ல் ஆதாரம் போதாது என்று நீக்கிவிட்டது. ஏழைகளின் நோய், கேட்பாரில்லை. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் நிஹால் தாமஸ் குழுவினரும் நியூயார்க்கின் டாக்டர் மெரிடித் ஹாக்கின்ஸும் சேர்ந்து, இது முதல் வகையும் இல்லை, இரண்டாம் வகையும் இல்லை என்று 2022-ல் ஆய்வுக் கட்டுரையாகவே காட்டினார்கள். 2025 ஜனவரியில் வேலூரில் உலக வல்லுநர்கள் கூடினார்கள். ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 'ஐந்தாம் வகை நீரிழிவு' என்று பெயரே வைத்துவிட்டது.

இதில் நமக்கு என்ன? இவர்களின் உடம்பு இன்சுலினை எதிர்ப்பதில்லை. கணையம்தான் போதிய அளவு சுரப்பதில்லை. ஒல்லிப் பையனுக்குச் சர்க்கரை என்றதும் முதல் வகை என்று எண்ணி அதிகமாக இன்சுலின் ஏற்றினால், சாப்பாடும் குறைவான அந்த உடம்பில் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். "சர்க்கரை வந்திருச்சு, சோத்தைக் குறை" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு அவன் இன்னும் மெலிந்தால் அதுவும் கேடு. இவர்களுக்குப் புரதமும் எடையும் சேர வேண்டும்.

ஆரோக்கியவரம்

இந்த மண்ணுக்கு எடை ஏற்றுகிற கலை புதிதல்ல. 2022-ல் மாவட்டங்களைப் பிரிக்கும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் என்று ஓர் இடம். பல கிறிஸ்தவ மிஷன்கள் கூட்டாக 1915-ல் அங்கே காசநோய் சானடோரியம் திறந்தன. தலைமை, டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-முல்லர். அப்போது காசத்துக்கு மருந்து கிடையாது. மேட்டுநிலக் காற்று, படுக்கை ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம். நோயாளி தேறுகிறாரா, தேய்கிறாரா என்பதைச் சொன்னது எடை மெஷின். முள் ஏறினால் நம்பிக்கை, இறங்கினால் மௌனம். அந்தக் காலத்து சானடோரியங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

பிறகு மருந்து வந்தது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம் ஒரு துணிச்சலான சோதனை செய்தது. ஒரு பாதி நோயாளிகளை சானடோரியத்தில் சேர்த்து நல்ல சாப்பாடு, ஓய்வு, மருந்து. மறு பாதியினருக்கு நெரிசலான வீட்டிலேயே, கிடைத்த கஞ்சியோடு அதே மருந்து. ஒரு வருஷ முடிவில் சானடோரியக்காரர்களுக்கு எடை நன்றாக ஏறியிருந்தது. ஆனால் குணமானதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஏழைகளுக்கு அது பெரிய வரம். கூடவே ஒரு நஷ்டமும் நடந்தது என்பது என் கருத்து: மருந்து இருக்கிறதே என்று சோற்றை மறந்துவிட்டோம்.

அந்த மறதியைக் கலைக்க அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் அதே சென்னை மையமும் பங்கெடுத்த ஆய்வு, 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்தது. 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பொட்டுக்கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய், சத்து மாத்திரை கொடுத்தார்கள். பெரிய பணக்காரச் சாப்பாடு எதுவுமில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைந்திருந்தது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது இரண்டே கிலோ! அரிசியும் பருப்பும் கூடுதலாகப் பெற்ற குடும்பங்களில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவதும் 39 சதவீதம் குறைந்தது.

காசநோயாளியின் சாப்பாட்டுக்காக மத்திய அரசு வங்கிக் கணக்கில் போடும் தொகை 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாயாக இருந்தது. 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்ட'த்தில் நோயாளி வந்தவுடனே எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மிகவும் மெலிந்தவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். எடை மெஷின் மறுபடியும் டாக்டரின் மேஜைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

கவளத்தின் கனம்

சரி, சோதனையெல்லாம் செய்தாயிற்று, நோய் இல்லை, அல்லது சிகிச்சை நடக்கிறது. இனி என்ன சாப்பிடுவது? பசியில்லாதவர் முன்னால் தட்டு நிறையச் சோறு வைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் முதல் தப்பு. பார்த்த மாத்திரத்திலேயே அவருக்குப் போதுமென்றாகிவிடும். தட்டு சின்னதாகவே இருக்கட்டும். கவளம் கனமாக வேண்டும்.

சித்தூர்ச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் பெருமை ராகி சங்கட்டி, நம் களி. உழவுக்குப் போகிறவருக்கு அது அமிர்தம். காலையில் ஓர் உருண்டை போட்டால் மதியம்வரை வயிறு கேட்காது. ஆனால் பசியில்லாதவருக்கு அதே குணம்தான் வில்லன். வயிற்றை அடைத்துக்கொண்டு அடுத்த வேளையையும் கெடுக்கும். அவருக்கு உருண்டை எலுமிச்சை அளவில் போதும். அதில் குழி பறித்து இரண்டு ஸ்பூன் நெய், தொட்டுக்கொள்ள அரைக் கிண்ணம் வேர்க்கடலைச் சட்னி, இருந்தால் நாட்டுக்கோழிக் குழம்பில் இரண்டு துண்டு. உருண்டை சின்னது, சக்தி பெரிது. நெய்யிலும் எண்ணெயிலும் கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4.

ராகியைக் கைவிடத் தேவையில்லை, இன்னொரு வழி இருக்கிறது. முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்து அரைத்த மாவில் ஒரு ஸ்பூன் எடுத்து, வெதுவெதுப்பான கெட்டிக் கஞ்சியில் கலந்து பாருங்கள். சில நிமிடத்தில் இளகிவிடும். முளைவிடும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தைச் சிதைப்பதால் வரும் மாயம். அதே டம்ளரில் கூடுதல் மாவைக் கரைத்துக் குடித்துவிடலாம். குழந்தைகளின் சத்துக்குறைவுக்காக 1980-களில் பரோடா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள். நம் பாட்டிகளுக்கு முளைகட்டிய ராகிக் கூழ் ஏற்கெனவே தெரியும், காரணம்தான் தெரியாது.

அடுத்தது வேர்க்கடலை. 1911-ல் தனி மாவட்டமாகும்வரை சித்தூர் வட ஆற்காட்டோடு இருந்தது. அந்த உறவில் எல்லைத் தமிழர் வேர்க்கடலையை இன்னும் 'மல்லாட்டை' என்கிறார்கள். மானாவாரிச் செம்மண்ணின் பயிர். நாராயணி, தரணி என்று திருப்பதி வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களே உண்டு. பாதாமுக்குக் காசு செலவழிக்காதீர்கள். 50 கிராம் வறுத்த வேர்க்கடலையில் சுமார் 280 கலோரியும் 12 கிராம் புரதமும் இருக்கிறது. பூஞ்சை பிடித்தது, கசப்பது, கறுத்தது மட்டும் வேண்டாம், அதில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம். வெல்லப்பாகில் உருட்டிய கடலை மிட்டாய் மாலை நாலு மணிக்கு நல்ல துணை.

┌──────────
ஒரு நாளைக்குக் கூடுதலாக
வேர்க்கடலை 50 கிராம் – சுமார் 280 கலோரி
எருமைப்பால் ஒரு டம்ளர் (200 மி.லி.) – சுமார் 210
நெய் இரண்டு டீஸ்பூன் – சுமார் 90
வாழைப்பழம் ஒன்று – சுமார் 90
முட்டை ஒன்று – சுமார் 70
வழக்கமான சாப்பாட்டோடு இவற்றில் பாதி சேர்ந்தாலே வாரத்துக்குக் கால் கிலோ ஏறும். அரைக் கிலோவுக்கு மேல் ஏற ஆசைப்பட வேண்டாம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கொழுப்புப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளவும்.
└──────────

வரிசையும் முக்கியம். நம் இலையில் ரசம் இரண்டாவதாக வரும். பசி மந்தமானவருக்கு அது வயிற்றில் இடத்தை அடைக்கும் வெந்நீர்தான். பருப்பும் நெய்யும் காயும் முதலில், கெட்டித் தயிர் அடுத்து, ரசம் வேண்டுமென்றால் கடைசியில் அரை டம்ளர். இஞ்சித் துண்டில் உப்புத் தொட்டு மென்பது, சீரகத் தண்ணீர், சுக்கு எல்லாம் நாக்கைத் தட்டி எழுப்பும்; செய்யலாம். அவற்றால் மட்டும் எடை ஏறாது. மூன்று வேளையை ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பசி வரட்டும் என்று காத்திருந்தால் பொழுது சாய்ந்துவிடும், கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டியதுதான். கூடவே தண்டால், குந்தி எழுவது, குடம் தூக்குவது என்று தசைக்கு வேலை கொடுங்கள். இல்லையென்றால் ஏறுவது தொப்பை மட்டும்.

திருப்பதி லட்டு? கேட்பீர்கள் என்று தெரியும். கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி சேர்ந்த சின்ன லட்டு ஒன்றில் எப்படியும் 600 கலோரிக்குக் குறையாது. பிரசாதத்தைப் பிரசாதமாகச் சாப்பிடுங்கள். தினம் இனிப்பால் வயிறு நிரப்பினால் அடுத்த வேளைப் பசியும் போய்விடும்.

டப்பாவும் மாத்திரையும்

பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைகளில் 'முப்பது நாளில் பத்துக் கிலோ' டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன. பலவற்றில் முதல் பொருளே சர்க்கரை, அல்லது மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சர்க்கரை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடம்பு ஏற்றும் புரதப் பவுடர்களைத் தவிர்க்கவே சொன்னது. பாலில் கலக்கும் இனிப்புப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலிலிருந்து நீக்கும்படி அதற்கு முந்தைய மாதம் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளுக்கு எழுதியது. அந்தக் காசுக்கு எத்தனை கிலோ கடலை வரும் என்று கணக்குப் போடுங்கள்.

டப்பாவாவது பணத்தோடு போகும். மாத்திரை அப்படியல்ல. சீட்டில்லாமல் வாங்கும் 'பசி மாத்திரை'களில் இரண்டு வகை. ஒன்று சைப்ரோஹெப்டடின், உண்மையில் அலர்ஜி மருந்து. தூக்கமும் பசியும் அதன் பக்கவிளைவுகள். நிறுத்தினால் பசியும் நின்றுவிடும். மற்றது டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. இரண்டே வாரத்தில் கன்னம் உப்பும், வீட்டார் மகிழ்வார்கள். அது சதையல்ல, நீரும் கொழுப்பும். கையும் காலும் உள்ளுக்குள் மெலியும், எலும்பு இளைக்கும், சர்க்கரை ஏறும், பதுங்கியிருந்த காசம் தலைதூக்கும். பல வாரம் போட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடம்பே சுருண்டுவிடும். அட்ரினல் சுரப்பி அதற்குள் வேலையை மறந்திருக்கும். பங்களாதேஷில் மாடுகளைக் கொழுக்கவைக்கப் பயன்பட்ட இந்த மாத்திரையையே, பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட சிறுமிகளுக்கு உடம்பு வைக்கக் கொடுத்த கொடுமை 2010 வாக்கில் உலகச் செய்தியானது. கல்யாணத்துக்கு முன் பெண்ணுக்குச் சதை போடட்டும் என்று இதை வாங்கித் தரும் அம்மாக்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

பந்தியில் இருக்கிறது மருந்து

கடைசியாக, எல்லாரும் மறந்துவிடும் ஒரு கூட்டம். சித்தூர் வீதிகளில் பெரிய வீடுகளில் ஒற்றையாக இருக்கும் முதியவர்கள். பிள்ளைகள் பெங்களூருவில், சென்னையில், அமெரிக்காவில். காலையில் வைத்த சோற்றை ராத்திரியும் மோரூற்றிக் குடித்துவிட்டு, "ஒருத்திக்கு என்னத்தை சமைக்கறது?" என்பார்கள். வயதானால் நாக்கில் ருசி குறையும், வயிறு சீக்கிரம் நிறையும், அது இயற்கை. தனிமை அதைப் பாதாளத்தில் தள்ளும். எடை குறைவதை வீடியோ காலில் பார்க்கும் பிள்ளைக்குத் தெரியாது, முகம் மட்டும்தானே தெரிகிறது.

திருமலையில் 1985-ல் தொடங்கிய நித்ய அன்னதானப் பந்தியில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக, ஆவி பறக்கும் சோறு, சாம்பார், சர்க்கரைப் பொங்கல். பக்கத்தில் இருப்பவர் சாப்பிடுவதைப் பார்த்தே கை நீள்கிறது. தராசில் எழும்பிய அந்தப் பையனை அன்று மதியம் அங்கேயும் பார்த்தேன். இரண்டாம் முறை சோறு வந்தபோது அவன் கையால் மறைக்கவில்லை. பாட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், தன் இலையைத் தொடாமல். பந்தி முடிந்து வெளியே வந்தபோது அவன் இரண்டு முறை நின்று இருமினான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடைக்குறைவு இவற்றில் ஏதாவது இருந்தால், டானிக் வாங்குவதற்கு முன் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தேசியக் காசநோய் உதவி எண்: 1800-11-6666.